குட்டியானையின் மூக்கு

அத்த கீழ வைங்க மேடம். டிரில்லிங் மிஷினயும் சேத்து கீழ வைங்க. என் வண்டில ஓட்ட போட வேணாம்.

உங்க ஆபீசுல இன்னா சொல்லி அனுப்பிச்சாங்களோ எனக்குத் தெரியாது. இந்த ஸ்டாண்டுல நிக்கிற எந்த வண்டில வேணும்னாலும் மாட்டிக்கோங்க. தோ நிக்குது பாருங்க ஷேர் ஆட்டோ, அதுல மாட்டுங்க. அவன் சந்தோசமா ஒத்துக்குவான், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வேற போடுவான். என் குட்டியானை வண்டில மட்டும் அந்தப் பொட்டி ஏறாது. சொல்லிட்டேன்.

கோவமா பேசறேன்னு நினைக்காதீங்க. இம்மாந்தூரம் வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க மொதல்ல. அந்தக் காலி கேன கவுத்துப் போட்டு உக்காருங்க, ஒண்ணும் ஆவாது, இங்க அல்லாரும் அதுலதான் உக்காருவோம். டேய் பாஷா, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர கம்மி. உங்களுக்கு எப்டி? ஒண்ணு சக்கர கம்மி, ஒண்ணு சாதா.

நீ வா போன்னு வாயில வந்துட்டா தப்பா எடுத்துக்காத. என் பொண்ணு உன் வயசுதான். திருத்தணில கட்டிக் குடுத்திருக்கேன்.

இந்தப் பொட்டி எனக்குப் புதுசு இல்லம்மா. இதே மாரி ஒண்ணு என் வண்டி தலைல இருந்துச்சு. இத விடக் கொஞ்சம் பெருசு, டிபன் கேரியர் கணக்கா. அது எனக்கு துரோகம் பண்ணிட்டுப் போச்சு. பொட்டி போயி துரோகம் பண்ணுமான்னு கேப்ப. பண்ணிச்சு. மனுசன் பண்ணா சட்டையப் புடிச்சு கேக்கலாம், பொட்டிக்கு ஏது சட்ட? அத்தொட்டுதான் சொல்றேன், வேணாம்.

முத்துமாரி நகர் தெரியுமா உனக்கு? தெரியாது. எவருக்கும் தெரியாது. தோ இந்த ரோட்டுலயே நேராப் போனா ரயில்வே கேட்டு, கேட்டத் தாண்டி கால்வா, கால்வா ஓரமா எங்க வூடுங்க. அதுக்கு அந்தாண்ட கரி யார்டு. கப்பல்ல வர்ற கரிய லாரி லாரியா கொண்டாந்து மலையாட்டம் கொட்டி வச்சிருப்பான். மேல ஒரு தார்ப்பா கெடயாது. காத்து எங்க பக்கம் திரும்பிச்சின்னு வையி, காயப்போட்ட வேட்டி, மூடி வச்ச மாவு, தொட்டில்ல தூங்கற புள்ள, அல்லாத்து மேலயும் கரி. எங்க ஊர்ல வெள்ள சட்டைய கல்யாணத்துக்கு ஒண்டிதான் எடுப்பாங்க. அதுவும் மண்டபம் கேட்டுக்கு வெளிய இருந்தாதான்.

எங்க ஜனத்துக்கு ஒரு பழக்கம் இருக்குது. வெளிய போயிட்டு வர சொல்லோ, கேட்டு தாண்டினா கை தானா மூக்குக்குப் போயிடும். பொம்பளைங்க முந்தானைய எடுப்பாங்க, ஆம்பளைங்க கர்ச்சீப்பு, இஸ்கூல் பசங்க டையத் தூக்கி மூக்குல வச்சிக்கும். பஸ்ல வாயத் தொறந்துக்கினு தூங்கறவன் கூட கேட்டாண்ட தடக்குனு சத்தம் வந்தா தூக்கத்திலயே மூக்கப் பொத்திக்குவான். வெளி ஆளுங்க பாத்தா சிரிப்பாங்க. எங்களுக்கு அது கோயிலத் தாண்ட சொல்லோ கன்னத்துல போட்டுக்கற மாரி.

என் சம்சாரம் பேரு அமுலு. வூட்ல மிஷின் போட்டு ஜாக்கெட்டு தைப்பா. சோக்கா தைப்பா, மெயின் ரோட்லேர்ந்து கூட தேடிக்கினு வருவாங்க. கல்யாணமாகி வந்த புதுசுல அவ நடந்தா நானு ஓடணும், அவ்ளோ வேகம். அப்றம் வீசிங்கு வந்துச்சு. மொதல்ல பனிக்காலத்துல ஒண்டி வந்துச்சு, அப்றம் மழைக்கும் வந்துச்சு, அப்றம் காலம் நேரம் பாக்கறத விட்ருச்சு. பேச்சு பாதில நின்னுடும். கைய ஆட்டுவா, இருய்யா வரேன்னு. மூச்ச வாங்கி முடிச்சிட்டு விட்ட எடத்துலேர்ந்து திட்டுவா. நானும் நின்னு, பாக்கி திட்டயும் வாங்கிக்கினுதான் போவேன்.

டாக்டரு சொன்னாரு, எடத்த மாத்துங்கன்னு. பொண்ணும் திருத்தணிக்கி வாம்மா வாம்மான்னு ஒரே நச்சு. அங்க போனா அமுலுக்கு ஒண்ணும் பண்ணாது, நல்லா இருப்பா, பாட்டே பாடுவா. வூட்டுக்கு வந்தா மறுபடியும் அதே கத. நான் சொன்னேன், நீ அங்கயே இருமே, நானு வாரா வாரம் வரேன்னு. யோவ், என் வூட்ட விட்டு நான் ஏன் போவணும், அந்தக் கரிய போவச் சொல்லுன்னா. அவ சொன்னதுல இன்னா தப்பு?

இன்னாம்மா, டீ சூடா? ஆத்திக் குடி.

எங்க நகர் சங்கத்துக்கு தனபால் அண்ணன்தான் தலைவரு. ஹார்பர்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. மனு எழுதறதுல மன்னன். அவரு போவாத ஆபீசு கெடயாது. அல்லா எடத்துலயும் ஒரே பதிலு, ஆதாரம் இருக்குதான்னு. டாக்டர் சீட்ட காட்டுனா, ஒடம்பு ஆயிரம் காரணத்துக்குக் கெடும்பாங்க. கருப்பா இருக்கற கைய காட்டுனா, போயி கழுவிட்டு வாங்கம்பாங்க. நிஜமாவே ஒருத்தன் சொன்னான்மா, போயி கழுவிட்டு வாங்கன்னு.

அந்த நேரத்துலதான் நிரஞ்சன் தம்பி வந்துச்சு. உன்ன மாரிதான், தோள்ல பை, கைல டிரில்லிங் மிஷின். ஊரு பூரா வண்டிங்க மேல பொட்டி மாட்டி, எந்தத் தெருவுல காத்து எப்டி இருக்குதுன்னு பாக்கறாங்களாம். பஸ்சு, ஆட்டோ, குப்ப வண்டின்னு மாட்டியாச்சு, ஆனா கேட்டுக்கு அந்தாண்ட எதுவும் உள்ள போவ மாட்டேங்குதுண்ணா, ரோடு சரியில்லன்றாங்க, நீங்கதான் தெனம் தெருத் தெருவா போறீங்களாமேன்னு கேட்டுச்சு. ஆமா தம்பி, தண்ணி கேன் போடறவன் போவாத தெரு ஏதுன்னேன். எங்க போர்ல தண்ணி டீ கலர்ல வரும். அத்தொட்டு கேன் வாங்காத வூடு கெடயாது, நான் நுழையாத சந்தும் கெடயாது.

தம்பி அழகா வெளக்கிச்சு. பொட்டி அடில ஒரு சின்னக் குழாய் இருக்குது பாத்தியா, தோ உன்னுதுலயும் இருக்குதே, அதத் தொட்டு காட்டி, இதாண்ணா இதோட மூக்கு, இது வழியா மூச்சு இழுக்கும், எவ்ளோ தூசி வருதுன்னு எண்ணி எங்களுக்கு நம்பர் அனுப்பும்னுச்சு. குட்டியானைக்கு தும்பிக்க வந்துருச்சுன்னு நானு சிரிச்சேன், தம்பியும் சிரிச்சுது. போவ சொல்லோ என் கையப் புடிச்சிக்கினு சொல்லிச்சு, அண்ணா, இது ரொம்ப நாசூக்கான பொருளு, உங்க கண்ணு மாரி பாத்துக்கணும்னு. நானு ஒரு பொருள வாங்கினா அப்டி பாத்துக்குவேம்மா. இந்த வண்டியப் பாரு, வாங்கி எவ்ளோ வருசம் ஆச்சுன்னு சொல்ல முடியுதா உன்னால?

தனபால் அண்ணன் விசயத்தக் கேட்டதும் என்னக் கட்டிப் புடிச்சிக்கினாரு. இத்தன நாளு நம்ம வாயால சொன்னோம் ஏகாம்பரம், எவனும் கேக்கல, இப்ப மிஷினு சொல்லப் போவுது, நம்பரு வந்துச்சின்னா யார்டுக்காரன் வாயத் தொறக்க முடியாது, யார்ட மூடித்தான் ஆவணும்னாரு. பெரிய ஆபீசுல விசாரணைக்கி மனு போட்டாரு. அவங்களும் சரி, அந்த வண்டி மேல இருக்கற பொட்டி குடுக்கற நம்பரக் கொண்டாங்க, வச்சிப் பாக்கலாம்னு ஒத்துக்கினாங்க. நகர் பூரா அதே பேச்சு. கேன் எறக்கப் போனா எனக்கு மோரு குடுப்பாங்க. நம்பரு எப்பண்ணா வரும், நம்பரு எப்பண்ணா வரும்னு கேப்பாங்க, எதோ புள்ளைங்க பரிச்ச ரிசல்ட்டு மாரி.

அமுலு திருத்தணிக்கி மூட்ட கட்டிக்கினு இருந்தவ, அவுத்துட்டா. நம்பரு வரட்டும்யா, யார்டு மூடிட்டா நான் ஏன் போவணும்னா. எனக்கும் அதான் ஆசை. பொய் சொல்வானேன், அவ இல்லாம எனக்கு சோறு எறங்காது.

ஆனா பாரு, மாட்டுன மொத வாரமே எனக்கு திக்குனு ஆயிப்போச்சு. வண்டியத் தொடைக்க சொல்லோ அந்த மூக்குல வெரல வச்சிப் பாத்தேன். கருப்பு. மைய தொட்ட மாரி. இப்டியே இழுத்துக்கினு இருந்தா இதுக்கும் அமுலு கதிதான ஆவும்? அடைச்சிக்கினு நின்னு போச்சின்னா? விசாரணைக்கி நம்பரு எங்கேர்ந்து வரும்? அமுலாண்ட சொன்னேன். அவ பொட்டியத் தொட்டுப் பாத்தா. ஐயோ பாவம், எறக்கி வையா அளவு எடுக்கறேன்னா.

அவ கட்டிக்கினு இருந்த பழைய காட்டன் புடவ, வெள்ளையில ஊதாப் பூ போட்டது, நல்லா நைஞ்சு மெத்துனு ஆயிருக்கும், அத எடுத்தா. அதுலதான் அவளும் மூக்குக்குத் தச்சிப் போட்டுக்குவா. அதே புடவைல, நாலு மடிப்பு வச்சி, ஓரத்துல எலாஸ்டிக்கு குடுத்து, அந்தக் குழாய்க்கு உறை தச்சிக் குடுத்தா. கேட்டாண்ட வந்தா நானு வண்டிய ஓரங்கட்டுவேன். என் மூக்குக்கு கர்ச்சீப்பு, பொட்டி மூக்குக்கு உறை. மாட்டிட்டுதான் உள்ள போவேன். வேல முடிஞ்சு மெயின் ரோட்டுக்கு வந்தா கழட்டிடுவேன். வெளிய நல்ல காத்துதான, அங்க எதுக்கு? ராவுல வூட்டாண்ட நிக்க சொல்லோ கட்டாயம் போட்டு வச்சிருப்பேன், அந்த நேரத்துலதான் கரி ரொம்பக் கொட்டும்.

இன்னாம்மா? பொர ஏறிச்சா? தலைல தட்டிக்கோ. டேய் பாஷா, ஒரு கிளாஸ் தண்ணி. இரும்மா, இரு, கேக்கலாம், அப்றம் கேக்கலாம். நானு ஆரம்பிச்சா முடிச்சிடணும், பாதில வுட்டா எனக்கு வராது.

மாசத்துக்கு ஒருதபா தம்பி ஆபீசுக்கு வண்டிய இட்டுக்கினு போவணும், பொட்டி சரியா வேல செய்யுதான்னு பாக்க. அன்னிக்கி உறைய எடுத்து மடிச்சு டேஷ்போர்டுல வச்சிட்டு, பொட்டியத் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சி, ஒரு முழம் பூ சுத்தி கொண்டு போயி நிறுத்துவேன். பெரியவங்க முன்னாடி நிக்க சொல்லோ தலைல துண்டு கட்டிக்கினா நிப்போம்? அதே மரியாததான். தம்பி பாத்துட்டு சொல்லும், ஊர்ல இத்தினி வண்டி இருக்குது, உங்களுது ஒண்டிதாண்ணா இவ்ளோ சுத்தமா இருக்குதுன்னு. எனக்குப் பெருமையா இருக்கும்.

நகரப் பாக்கணும், ஒருதபா வரேண்ணான்னு தம்பி ரெண்டு மூணு தபா கேட்டுச்சு. நாந்தான் வேணாம்னு தடுத்துட்டேன். செவத்த புள்ள, ஏசில இருந்து பழகினது, எங்க தூசில வந்தா ஒடம்பு தாங்காது. நீ எதுக்கு வரணும் தம்பி, நாந்தான் வண்டியக் கொண்டாரேன்லன்னுட்டேன்.

ஒருநாளு தம்பி போன் பண்ணிச்சு. அண்ணா, கேட்டுக்கு உள்ள நீங்க நிஜமா போறீங்களான்னு கேட்டுச்சு. எனக்கு சுருக்குனுச்சு. எங்கம்மா சத்தியமா போறேன் தம்பின்னேன். இல்லண்ணா, மேப்புல காட்டுது போறீங்கன்னு, ஆனா நம்பரு ரொம்பக் கம்மியா வருது, பொட்டிய எதுனா மறைக்குதான்னு கேட்டுச்சு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். இன்னா தம்பி பேசற, உன் பொட்டி மேல ஒரு தூசி பட வுடாம வச்சிக்கினு இருக்கேன், வந்து எங்க ஜனத்தக் கேட்டுப் பாருன்னேன். சாரிண்ணான்னு வச்சிடுச்சு. பாவம், நல்ல புள்ள. ஆனா சந்தேகப்படக் கூடாதில்ல ஒரு மனுசன?

விசாரண அன்னிக்கி நகரே கெளம்பிச்சு. என் வண்டிலதான் பாதிப் பேரு. அமுலு கல்யாணத்துக்குப் போற மாரி பட்டுப் புடவ கட்டிக்கினா. படியேற முடியல அவளால, ஒவ்வொரு படிக்கும் நின்னா. வேணாம்மே கீழயே உக்காருன்னா கேக்கல. என் வூட்டுக்காரன் வண்டி பேசப் போவுது, நான் கேக்காம எப்டின்னா.

பெரிய ஹாலு. ஒரு பக்கம் நாங்க, ஒரு பக்கம் யார்டுக்காரங்க. நடுவுல ஆபீசரு. செவத்துல ஊரு மேப்ப போட்டாங்க. வண்டி போன ரோடெல்லாம் கலர் கலரா. காத்து மோசம்னா செவப்பு, நல்லா இருந்தா பச்சன்னு ஒருத்தரு வெளக்கினாரு. மெயின் ரோடு செவப்பு. மார்க்கெட்டு செவப்பு. தோ நாம உக்காந்துக்கினு இருக்கற இந்த ஸ்டாண்டு கூட செவப்பு. அப்டியே வெரல வச்சிக்கினு வராரு, கேட்டு வரைக்கும் செவப்பு. கேட்டத் தாண்டுனா பச்ச. எங்க நகர் மொத்தமும் பச்ச. வயல் மாரி பச்ச.

அங்கதான் நானு உஷார் ஆயிட்டேன்மா. நீயே சொல்லு, கேட்டாண்ட கோடு போட்ட மாரி காத்து மாறுமா? சரியா கேட்டாண்ட? எவனோ கைய வச்சிட்டான். வேற இன்னா இருக்க முடியும்?

ஆபீசரு தனபால் அண்ணனப் பாத்தாரு. இது யாரோ ஊர்பேர் தெரியாதவன் வண்டி இல்ல, உங்க ஆளு வண்டி, நீங்களே குடுத்த ஆதாரம், ஊர்லயே உங்க நகர்லதான் காத்து சுத்தமா இருக்குது, இதுக்கு மேல நான் இன்னா பண்ணனும்னாரு. யார்டு வக்கீலு எழுந்திருக்கவே இல்ல, அவருக்கு வேலையே இல்லாமப் போச்சு. தனபால் அண்ணன் திரும்பி என்னப் பாத்தாரு. அந்தப் பார்வைய என்னால சொல்ல முடியாது. அவ்ளோ பேரு இருக்கற எடத்துல எனக்கு அம்மணமா நிக்கற மாரி இருந்துச்சு.

அமுலு எழுந்து நின்னா. கைய ஆட்டுனா, இருங்க வரேன்னு. மூச்ச வாங்கிக்கினு கேட்டா, பச்சன்னா நல்லதா சார்னு. ஆமாம்மா, நல்லதுன்னாரு. சரிங்க சார்னு உக்காந்துட்டா. உக்காந்து அந்த மேப்பயே பாத்துக்கினு இருந்தா, எங்க தெருவத் தேடற மாரி.

திரும்பி வரோம். கேட்டு வந்துச்சு. அல்லாரு கையும் மூக்குக்குப் போச்சு. அமுலு கை போவல. மடியிலயே இருந்துச்சு. ஏமே, மூக்க மூடுமேன்னேன். எதுக்குய்யா, பச்சன்னு சொல்லிட்டாங்கல்லன்னா. கோவத்துல சொல்றான்னுதான் நினைச்சேன். கோவம் இல்லம்மா. அவ நம்பிட்டா.

வூட்டுக்கு வந்து அவ சொன்னா, வேற எவனோட பொட்டியாவது சொல்லியிருந்தா நானு காறித் துப்பியிருப்பேன்யா, சொன்னது நம்ம வண்டி, நீ கண்ணுல வச்சி பாத்துக்கினது, அது எப்டி பொய் சொல்லும்? காத்துல ஒண்ணும் இல்ல. என் நெஞ்சுலதான் கோளாறு. அத்தக் காத்து மேல போட்டு இத்தினி வருசம் ஊரக் கூட்டினேன்னா. நானு எவ்ளோவோ சொன்னேன், ஏமாத்திட்டானுங்கமே, காசு விளையாடிருக்குமேன்னு. கேக்கல. மூக்குல போட்டுக்கினு இருந்தத கழட்டி, ஊசி சொருகி வைக்கறதுக்கு வச்சிக்கினா. திருத்தணிக்காவது போலாம் வாமேன்னு கால்ல விழாத கொறையா கெஞ்சினேன். நெஞ்சுல இருக்கற கோளாறு திருத்தணிக்கும் கூடத்தான்யா வரும்னுட்டா.

நானு இன்னா பண்ணேன் தெரியுமா? ஸ்பேனர எடுத்து நானே பொட்டியக் கழட்டினேன். தூக்கிக்கினு போயி நிரஞ்சன் தம்பி மேஜ மேல வச்சேன். இன்னா பண்ணி வச்சிருக்கீங்க இதுலன்னேன். தம்பி என் எதிர்லயே தொறந்து, ஒயர குத்தி, ஊதுவத்திய கொளுத்தி மூக்காண்ட காட்டி பாத்துச்சு. நம்பரு கடகடன்னு ஏறுது. மிஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணா, எனக்கே ஒண்ணும் புரியலன்னு தலைல கைய வச்சிக்கினு உக்காந்துடுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. குத்தம் பண்ணவனுக்குத்தான கண்ணு கலங்கும்னு நானு மனசுல நினைச்சிக்கினு வந்துட்டேன். அப்றம் அது வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போயிடுச்சின்னு சொன்னாங்க.

நகர்ல என்ன வுட்டாங்களா? யார்டுக்காரன் இன்னாண்ணா வாங்கிக் குடுத்தான், புது டயரான்னு கேப்பான் ஒருத்தன். தனபால் அண்ணன் என்னாண்ட கேன் வாங்கறத நிறுத்திட்டாரு. இந்த வயசுல சைக்கிள்ல கேன கட்டிக்கினு மெயின் ரோட்லேர்ந்து தள்ளிக்கினு வராரு. கால்வா மேட்டுல ஏத்த முடியாம நிப்பாரு. எறங்கிப் போயி நானு ஒரு கை புடிச்சா, கேன அப்டியே வுட்டுட்டு தள்ளி நின்னுக்குவாரு. நானு போனப்புறம்தான் எடுப்பாரு. யார்டுக்காரன் கால்வாய்க்கி இந்தாண்டயும் கரி கொட்டிக்கலாம்னு அனுமதி வாங்கிட்டான். அதுக்கு அவன் குடுத்த ஆதாரம் இன்னா தெரியுமா? என் வண்டி நம்பரு.

அமுலு அடுத்த பனிக்காலம் தாண்டல. காலைல கேன் ஏத்திக்கினு வந்தேன், மிஷினு முன்னாடி உக்காந்துக்கினு இருந்தா, தல சாஞ்சிருந்துச்சு. ஊசிக்கு கீழ யாரோ கல்யாண ஜாக்கெட்டு, பாதி தச்சது. கூப்புட்டேன். கைய ஆட்டுவான்னு பாத்தேன், இருய்யா வரேன்னு. ஆட்டல. எதித்த வூட்டுக்காரங்கதான் வந்து என்ன நகத்துனாங்க. அப்பக்கூட தனபால் அண்ணன் வந்தாரு, மாலையப் போட்டாரு, என்னப் பாக்காமயே போயிட்டாரு.

நீ அழாதம்மா. இன்னாத்துக்கு நீ அழுவுற? தப்பு எம்மேல, வந்த புள்ளையாண்ட இதெல்லாம் சொன்னது. வூட்ல பேச ஆளில்ல, வாயத் தொறந்தா நிக்க மாட்டேங்குது. தொடச்சிக்கோ.

சரி வுடு. எடு அந்தப் பொட்டிய. மாட்டிட்டுப் போ. வெறுங்கையோட போனா உன் ஆபீசுல உன்னத் திட்டுவாங்க. அந்தப் பொட்டி பண்ணதுக்கு இந்தப் பொட்டி இன்னா பண்ணும்? உன் மூஞ்சியப் பாத்தா ஏமாத்தறவ மாரி தெரியல. உண்மையான நம்பரு வரட்டும். அமுலு இல்ல, ஆனா நகர்ல இன்னும் எத்தினியோ பேரு மூச்சு இழுத்துக்கினு இருக்காங்க.

நானு பாத்துக்கறேன் உன் பொட்டிய, பயப்படாத. உறை இருக்குது. அமுலு தச்சது, தோ டேஷ்போர்டுலயேதான் வச்சிருக்கேன், அவ கை பட்ட துணின்னு துவைக்கக் கூட மனசு வரல. இதுக்கும் அளவு சரியாத்தான் வரும்.

ஏம்மா டிரில்லிங் மிஷின பைல போடற? இன்னாமோ கேக்கணும்னியே அப்பலேர்ந்து. உறையப் பாக்கணுமா? இந்தா. வெளிப்பக்கம் பாரு, எவ்ளோ கரி, பூ கூட தெரியல. இப்ப திருப்பி உள்பக்கம் பாரு. தச்ச அன்னிக்கி எப்டி இருந்துச்சோ அப்டியே வெள்ள. பாத்தியா? ஒரு தூசி உள்ள போவலம்மா.